ஒரே கூரையின்கீழ் எழுத்துப் பணிகள்: நோஷன், கோடா முதலிய செயலிகள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

கல்லூரித் தமிழ்த்துறை ஒன்றின் ஓராண்டுப் பணிகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி எழுத்துப் பணியாகவே இருக்கக் காணலாம். வருகைப் பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்பு, கருத்தரங்கக் கட்டுரைகள், நாக் எனப்படும் தர மதிப்பீட்டுக் குழுவிற்கு அளிக்க வேண்டிய சான்றுகள் என அப்பட்டியல் நீளும். இவற்றுள் மதிப்பெண் எக்செல் விரிதாளில் இருக்கும். கூட்டக் குறிப்பு வேர்டு கோப்பில் இருக்கும். கட்டுரைகள் மின்னஞ்சலில் கிடக்கும். விழாப் படங்களோ வாட்ஸ்அப் குழுவில் புதைந்திருக்கும். வேண்டியதைத் தேடி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

இவ்வாறு சிதறிக் கிடப்பனவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொணர்வோம் என்னும் உறுதிமொழியுடன் கடந்த பத்தாண்டுகளில் பல செயலிகள் தோன்றியுள்ளன. எழுதுதல், அட்டவணையிடுதல், பணிகளைப் பங்கிடுதல், தேடுதல் ஆகியவற்றை ஒன்றாகச் செய்ய உதவும் இவற்றை 'அனைத்தும் ஓரிடச் செயலிகள்' என அழைக்கலாம். இவற்றுள் சிறந்தது எது என வினவுவோர் பலர். அவ்வினாவிற்கு விடை காண்பதற்குமுன், எதனை அளவுகோலாகக் கொண்டு சிறப்பை அளப்பது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுகோலை வகுத்து, அதன்வழி முதன்மையான சில செயலிகளை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஒருவர் படித்தவை, எழுதியவை அனைத்தையும் ஒரே மேசையில் தொகுத்து, ஒன்றோடொன்று இணைத்து வைக்க வேண்டும் என்னும் கருத்து கணிப்பொறி பரவுவதற்கு முன்னரே தோன்றிவிட்டது. அமெரிக்க அறிஞர் வன்னிவார் புஷ், 1945-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் நுண்படச்சுருள்களைக் கொண்டு இயங்கும் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனை மேசையை விவரித்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் நிகழ்த்திய செய்முறை விளக்கத்தில், தொலைவிலிருக்கும் இருவர் ஒரே ஆவணத்தின்மீது சேர்ந்து பணியாற்றுவதை அவையோர் திரையில் கண்டனர்.

ஆயினும், வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் வந்த கணிப்பொறிகளில் இப்பணிகள் தனித்தனியே பிரிந்தன. 1979-இல் வெளிவந்த விசிகால்க் விரிதாளுக்கு வழி வகுத்தது. எழுதுவதற்கு வேறொரு மென்பொருளை நாட வேண்டியிருந்தது. 1984-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஆப்பிள்வொர்க்ஸ் எழுத்து, விரிதாள், தரவுத்தளம் ஆகிய மூன்றையும் ஒரு தொகுப்பாக அளித்தது. எனவே ஒருங்கிணைப்பு என்பது இன்று பிறந்த புதுமை அன்று. இணையம் வந்தபின் புத்துயிர் பெற்ற பழைய விருப்பமே எனலாம்.

2006-இல் கூகுள் நிறுவனம் ரைட்லி என்னும் இணைய எழுதியை விலைக்கு வாங்கி, அதனைக் கூகுள் டாக்ஸாக வளர்த்தது. 2008-இல் எவர்நோட் பொதுமக்களுக்குக் கிடைத்தது. 2016-இல் நோஷன் வெளிவந்தது. தரவுத்தள வசதியோடு கூடிய அதன் இரண்டாம் பதிப்பு 2018-இல் வந்தது. 2014-இல் தொடங்கப்பெற்ற கோடா நிறுவனம் தன் செயலியின் முதல் முழுப்பதிப்பை 2019-இல் வெளியிட்டது. 2020-இல் அப்சிடியனும், 2021-இல் அறிவிக்கப்பெற்று 2023-இல் நிறுவனங்களின் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த மைக்ரோசாப்ட் லூப்பும் இவ்வரிசையிற் சேர்ந்தன.

நான்கு அளவுகோல்கள்

விளம்பரங்கள் வசதிகளின் எண்ணிக்கையை முன்வைக்கின்றன. நமக்கோ கீழ்க்காணும் நான்கு வினாக்கள் போதுமானவை.

அ) எழுத்தும் அட்டவணையும் உண்மையாகவே இணைகின்றனவா?
ஆ) கணிப்பொறியில் பழக்கம் குறைந்த உடன்பணியாளரும் தயக்கமின்றிப் பயன்படுத்த இயலுமா?
இ) இணையம் இல்லாத நேரத்தில் நம் எழுத்து நம் கையில் இருக்குமா?
ஈ) நாளை அச்செயலியை விட்டு நீங்க நேர்ந்தால், நம் உடைமைகள் நம்முடன் வருமா?

இவற்றுள் நான்காவது வினாவே முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வாடகை வீடு எத்துணை வசதியாக இருப்பினும், காலி செய்யும் நாளில் பண்டபாத்திரங்களை எடுத்துச்செல்ல இயலாதெனின் அவ்வசதியால் பயனென்ன?

நோஷன்

ஐவன் ஜாவ், சைமன் லாஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கியது நோஷன். 2015-இல் பணம் தீரும் நிலையில், இருவரும் ஜப்பானின் கியோட்டோ நகருக்குச் சென்று தங்கி, முழு மென்பொருளையும் மீண்டும் எழுதினர் என்பது பலரும் அறிந்த வரலாறு.

நோஷனில் ஒரு பத்தி, ஒரு படம், ஒரு பட்டியல் வரி ஆகிய ஒவ்வொன்றும் 'பிளாக்' எனப்படும் தனித்துண்டாகும். இத்துண்டுகளை இழுத்து எங்கு வேண்டுமாயினும் வைக்கலாம். இதன் தரவுத்தளமே பெருஞ்சிறப்பு. ஒரு கருத்தரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை. அதில் கட்டுரையாளர் பெயர், தலைப்பு, வந்த நாள், மதிப்பீட்டாளர், நிலை எனப் பத்திகள். அவ்வரிசையைத் திறந்தால் உள்ளே முழுப்பக்கம் விரியும். கட்டுரையின் சுருக்கத்தையும் மதிப்பீட்டாளரின் குறிப்பையும் அங்கேயே எழுதிக்கொள்ளலாம். அதே தரவை அட்டவணையாகவும், நாட்காட்டியாகவும், 'வந்தவை – மதிப்பீட்டில் உள்ளவை – ஏற்கப்பெற்றவை' எனப் பிரித்த பலகையாகவும் மாற்றிக் காணலாம். ஒருமுறை எழுதியதை மூன்று கோணங்களில் காணும் இவ்வசதி விரிதாளில் எளிதிற் கிட்டுவதன்று.

இதன் குறைகளும் கருதத்தக்கன. அமைப்பதற்கு எல்லையில்லாத வழிகள் இருத்தலால், பணியைச் செய்வதினும் பணியை ஒழுங்குபடுத்துவதிலேயே காலம் கழியும். இணையமின்றிப் பயன்படுத்தும் வசதி 2025 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கும் வேண்டிய பக்கங்கள் முன்கூட்டியே இறக்கப்பெற்றிருத்தல் வேண்டும். வெளியேறும்போது பக்கங்களை மார்க்டவுன் என்னும் எளிய உரைக் கோப்பாகவும், அட்டவணைகளைக் காற்புள்ளியாற் பிரிக்கப்பெற்ற சி.எஸ்.வி. கோப்பாகவும் பெறலாம். எழுத்தும் எண்ணும் உடன்வரும். அட்டவணைகளுக்கிடையே அமைத்த உயிருள்ள தொடர்புகளும் பலகை, நாட்காட்டிக் காட்சிகளும் அங்கேயே நின்றுவிடும்.

கோடா

யூடியூப் நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்த சிஷிர் மெஹ்ரோத்ராவும் அலெக்ஸ் டிநோவும் தொடங்கியது கோடா. நோஷன் பக்கத்திலிருந்து அட்டவணைக்குச் செல்கிறது எனின், கோடா அட்டவணையைப் பக்கத்திற்குள் கொணர்கிறது எனலாம். விரிதாளில் ஏ1, பி2 எனக் கட்டங்களைச் சுட்டும் சூத்திரங்கள் இங்குப் பத்தியின் பெயரையே சுட்டுகின்றன. மூன்று தேர்வுகளுள் சிறந்த இரண்டின் சராசரியைக் காண வேண்டுமெனில், அச்சூத்திரத்தை வரிசைதோறும் நகலெடுக்க வேண்டியதில்லை. பத்தி முழுமைக்கும் அது தானே பொருந்தும். 'பொத்தான்' அமைத்து, அதனை அழுத்தியவுடன் ஒரு வரிசையைச் சேர்க்கவோ நினைவூட்டல் அனுப்பவோ செய்யலாம். ஆவணத்தை உருவாக்குவோரிடம் மட்டும் கட்டணம் பெற்று, திருத்துவோரையும் படிப்போரையும் கட்டணமின்றி அனுமதித்த முறையாலும் கோடா பெயர் பெற்றது.

சூத்திரம் எழுதத் தெரிந்த ஒருவர் துறையில் இருப்பின் கோடா பெரிதும் பயன்படும். அவர் இல்லாத நாளில் அச்சூத்திரத்தைத் திருத்துவார் யார் என்பதும் எண்ணத்தக்கது. வெளியேற்றத்தில் அட்டவணையின் மதிப்புகள் கிடைக்கும். பொத்தான்களும் சூத்திரங்களும் பிறிதொரு செயலியில் உயிர்பெறா. 2024 டிசம்பரில் கிராமர்லி நிறுவனம் கோடாவை வாங்குவதாக அறிவித்தது. 2025 அக்டோபரில் அந்நிறுவனமே சூப்பர்ஹியூமன் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு செயலியின் உரிமை ஓராண்டிற்குள் எவ்வாறெல்லாம் மாறக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கூகுளும் மைக்ரோசாப்ட்டும்

கூகுளில் ஆவணம் வேறு, விரிதாள் வேறு, படிவம் வேறு. ஒருங்கிணைப்பில் இது நோஷனுக்குப் பின்தங்கியதே. ஆயினும், நம் இரண்டாவது வினாவிற்கு இதுவே நல்ல விடையளிக்கிறது. ஓர் இணைப்பை அனுப்பினால் போதும். பெறுபவர் புதிதாக எதனையும் கற்க வேண்டியதில்லை. பலர் ஒரே நேரத்தில் எழுதலாம். யார் எப்பொழுது எதனை மாற்றினார் என்னும் வரலாறும் கிடைக்கும். 2011-இல் தொடங்கப்பெற்ற 'டேக்அவுட்' வசதியின்மூலம் ஒருவர் தம் கோப்புகள் அனைத்தையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். அவை வேர்டு, எக்செல் வடிவங்களாகவே கைக்கு வரும்.

மைக்ரோசாப்ட்டின் ஒன்நோட் 2003-இல் தோன்றி, 2014-இல் இலவசமாக்கப்பெற்றது. குறிப்பேடு, பகுதி, பக்கம் என்னும் இதன் அடுக்கமைப்பு நம் பள்ளிக் குறிப்பேட்டை ஒத்தது. பக்கத்தின் எவ்விடத்திலும் எழுதலாம், எழுதுகோலால் வரையலாம். வகுப்புக் குறிப்பிற்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் இதன் அட்டவணை வெறும் கோடிட்ட கட்டமேயன்றித் தரவுத்தளம் அன்று. லூப் செயலியோ நோஷனைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அதில் அமைத்த ஒரு பட்டியலை அவுட்லுக் மடலிலோ டீம்ஸ் உரையாடலிலோ ஒட்டினால், ஓரிடத்தில் செய்த திருத்தம் எல்லாவிடத்தும் உடனே தோன்றும். கல்லூரி முழுவதும் மைக்ரோசாப்ட் கணக்கைப் பயன்படுத்தினால்தான் இதன் முழுப்பயன் கிட்டும்.

எவர்நோட், அப்சிடியன், சோகோ நோட்புக்

எவர்நோட் ஒருகாலத்தில் குறிப்பெடுத்தல் என்பதற்கே மறுபெயராக விளங்கியது. படத்தில் உள்ள எழுத்தையும் தேடித் தரும் அதன் திறம் பலரை ஈர்த்தது. 2023 ஜனவரியில் இத்தாலிய நிறுவனமான பெண்டிங் ஸ்பூன்ஸின் உடைமையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், இலவசமாகப் பயன்படுத்துவோர்க்கு 50 குறிப்புகள், ஒரே குறிப்பேடு என வரம்பு விதித்தது. பல்லாண்டுகளாக ஆயிரக்கணக்கில் சேர்த்தவர்களின் பழைய குறிப்புகள் அழிக்கப்படவில்லை; புதியது எழுதவே தடை வந்தது. ஆயினும் கட்டணம் செலுத்துவதா, வெளியேறுவதா என அவர்கள் முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

அப்சிடியன் இதற்கு நேர்மாறான நெறியைக் கொண்டது. எழுதுவன யாவும் நம் கணிப்பொறியின் ஒரு கோப்புறையில் மார்க்டவுன் உரைக் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட இம்முறையில், தலைப்பிற்கு ஒரு குறி, தடித்த எழுத்திற்கு ஒரு குறி என்னும் அளவில் எளிய அடையாளங்களே உள்ளன. செயலியே மறைந்துபோனாலும் அக்கோப்பை நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு குறிப்பிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புத் தருதலும் எளிது. ஆய்வாளர்க்கு இது பெருந்துணை. ஆனால், பலர் ஒரே நேரத்தில் ஓர் ஆவணத்தில் கூடி எழுதுவதற்கென இஃது அமைக்கப்பெறவில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனத்தின் நோட்புக் செயலி 2016-இல் வெளிவந்தது. உரை, ஒலி, படம், வரைவு எனக் குறிப்புகளை அட்டைகளாகத் தொகுக்கும் அழகிய செயலி இது. தனியொருவரின் தொகுப்பிற்கு நன்கு பொருந்தும். துறைப்பணிக்கு அந்நிறுவனத்தின் ரைட்டர், ஷீட் முதலியவற்றையும் உடன்கொள்ளல் வேண்டும்.

தமிழுக்குரிய இரு சோதனைகள்

ஆங்கிலத்தில் எழுதப்பெறும் ஒப்பீடுகளில் காணப்படாத இரண்டு சோதனைகளைத் தமிழாசிரியர் தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது தேடல். தமிழ்ச்சொல் வேற்றுமை ஏற்கையில் உருமாறும். 'மரம்' எனத் தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் 'மரத்தை', 'மரங்கள்' ஆகியவற்றைக் காட்டாது. 'மர' என அடியை மட்டும் தந்தால் 'மரபு', 'மரணம்' ஆகியனவும் வந்து நிற்கும். ஆதலின் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் 'திணை', 'நடுகல்' என மாறாத பொருட்குறிச் சொற்களை இட்டு வைப்பது நலம்.

இரண்டாவது அகரவரிசை. ஒருங்குறியில் தமிழெழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் ழகரம் வகரத்திற்கு முன்னும், புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னும் நிற்கின்றன. அக்கா, அகம், பவளம், பழம் என்பதே அகராதி முறை. குறியெண்ணை மட்டும் பின்பற்றும் செயலி அகம், அக்கா, பழம், பவளம் என வரிசைப்படுத்தும். இந்நான்கு சொற்களை இட்டு வரிசைப்படுத்திப் பார்த்தால் செயலியின் தமிழறிவு ஒரு நொடியில் விளங்கிவிடும். பிழைபடின், வரிசையெண்ணுக்கெனத் தனிப் பத்தி ஒன்று அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டு இழப்புகள்

வெளியேறும் வழியை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரையாளர் எம்.ஃபில். பட்டத்திற்காக ஆய்ந்த காலத்தில், குறிப்புகளை அட்டைகளில் எழுதிப் பெட்டியில் அடுக்குமாறு நெறியாளர் பணித்தார். கணிப்பொறி இருக்க அட்டை எதற்கு என்னும் எண்ணத்தில், பிற்பகுதிக் குறிப்புகளை அட்டையில் எழுதாமல் தட்டச்சகம் ஒன்றில் நேரே கணிப்பொறியில் அடித்து வட்டில் பெற்றுக்கொண்டார். அந்நாளில் தட்டச்சகத்திற்கு ஓர் எழுத்துரு. எழுத்துருவிற்கு ஒரு குறிமுறை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். பல்லாண்டுகள் கழித்து அவ்வட்டைத் திறந்தபோது தமிழ் இல்லை. உரோமன் எழுத்துகளும் புரியாத குறிகளுமே வரிவரியாக நின்றன. எழுத்துருவின் பெயரைக் குறித்து வைக்கவில்லை, தட்டச்சகமும் மூடப்பட்டிருந்தது. நெறியாளர் சொற்படி எழுதிய அட்டைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவர் மறைந்துவிட்டார். அவருடன் அமர்ந்து விவாதித்துக் குறித்த கருத்துகளோ அவ்வட்டிலேயே இருக்கின்றன.

இரண்டாவது இழப்பு அண்மையது. கருத்தரங்கம் ஒன்றிற்காக இளைய உடன்பணியாளர் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் அழகியதொரு தரவுத்தளத்தை அமைத்தார். அனைவரும் பாராட்டினோம். அவர் வேறு கல்லூரிக்குச் சென்றபின், பழைய கணக்கிற்குள் நுழைய அவராலும் இயலவில்லை. நூல் அச்சாகும் தறுவாயில், கட்டுரையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கட்டுரைகளை மீண்டும் கேட்டுப் பெற்றோம். மூவருடைய கட்டுரைகள் கிடைக்கவேயில்லை. தவறு அவருடையதன்று, ஒரு படியேனும் எடுத்து வைக்காத நம் அனைவருடையதுமாம்.

துறைக்கேற்ற தேர்வு

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

1. பலர் கூடி எழுதும் கூட்டக் குறிப்பு, சான்றுத் தொகுப்பு ஆகியவற்றிற்குக் கூகுளோ, கல்லூரியில் ஏற்கெனவே உள்ள மைக்ரோசாப்ட் கணக்கோ போதும்.

2. கருத்தரங்கம், மலர் வெளியீடு போன்ற பல படிநிலைகளைக் கொண்ட பணிகளுக்கு நோஷன் ஏற்றது. கணக்கீடு மிகுந்த பணிகளுக்குக் கோடா ஏற்றது.

3. வாழ்நாள் முழுவதும் தொடரும் ஆய்வுக் குறிப்புகளுக்கு, உரைக் கோப்பாகவே சேமிக்கும் அப்சிடியன் போன்றது பாதுகாப்பானது.

4. கணக்கு எவ்வகையினதாயினும், துறையின் மின்னஞ்சல் பெயரில் தொடங்கப்பெற்று, இருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும்.

5. பருவத்திற்கு ஒருமுறை அனைத்தையும் இறக்கி, வேறோரிடத்தில் ஒருங்குறி உரையாகவும் பி.டி.எஃப். ஆகவும் சேமித்தல் வேண்டும். இறக்கிய கோப்பைத் திறந்து படித்துப் பார்த்த பின்னரே பணி முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும்.

6. மாணவரின் ஆதார் எண், மருத்துவக் குறிப்பு முதலியவற்றை இச்செயலிகளில் இடாதிருத்தல் நன்று. 2023-இல் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகையில் நிறுவனங்களுக்குப் பொறுப்பை வகுத்துள்ளது.

முடிவுரை

பனையோலைச் சுவடிகள் நெடுங்காலம் நில்லா. சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதப்பெற்றவையே பிழைத்தன. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்ததற்கு, அவருடைய பேருழைப்போடு, பெயர் தெரியாத பலர் தலைமுறைதோறும் ஏடு பெயர்த்து எழுதி வந்ததும் காரணமாகும். நல்ல ஏட்டைத் தேர்ந்தெடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை.

செயலியும் ஓர் ஏடே. நோஷனோ கோடாவோ வேறெதுவோ, நம் பணிக்கு ஏற்றதைத் தயக்கமின்றிக் கைக்கொள்வோம். அதனோடு, வெளியேறும் வழியை முதல் நாளிலேயே திறந்து பார்த்து வைப்போம். இக்கருத்தரங்கப் பருவம் முடிந்ததும் துறையின் கோப்புகளை ஒருமுறை இறக்கிப் படியெடுக்கும் பணியை நம் துறை மாணவரிடமே ஒப்படைக்கலாம். படியெடுத்தல் தமிழ் பயில்வோர்க்குப் புதிய தொழில் அன்று.